டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு: கரிசல் வட்டாரத்தில் வாகன மின்னேற்ற வரலாறு

மோட்டார் வாகனம் ஓடும்போதே அதன் பேட்டரிக்கு மின்னேற்றித் தரும் கருவி மின்னாக்கி எனப்படும். நேர்மின்னோட்டத்தையே தரும் பழைய வகை டைனமோ என்றும், மாறுமின்னோட்டத்தை உண்டாக்கித் தன்னுள்ளேயே நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பிந்தைய வகை ஆல்டர்னேட்டர் என்றும் வழங்கும். இந்தியச் சாலைகளில் முதல் வகை மறைந்து இரண்டாம் வகை நிலைபெறப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைக்காலத்தில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டப்பட்ட கார்களும் வேன்களும் ஏராளம். புதிய கருவி பூட்டிய பிறகும் பேட்டரி இறங்கிப்போவது அந்த மாற்றத்துடன் சேர்ந்தே வந்த குறை. அந்தக் குறை ஏன் எழுந்தது, பட்டறைகள் அதை எவ்வாறு கண்டறிந்தன என்பதைக் கோவில்பட்டியும் அதைச் சுற்றிய மானாவாரிக் கரிசல் நிலமும் கொண்ட வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விவரிக்கிறது.

இடமும் சாலையும்

கோவில்பட்டி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் உள்ளது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்றிருந்த அச்சாலை இப்போது 44 எனப்படுகிறது. தீப்பெட்டித் தொழில், பஞ்சாலை, கடலை மிட்டாய் ஆகியவற்றால் அறியப்பட்ட ஊர் இது. கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தீப்பெட்டிப் பண்டல்கள் லாரிகளில் ஏறி வடமாநிலங்கள் வரை சென்றன. சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களுக்கு இங்கிருந்து கிளைச் சாலைகள் பிரிகின்றன.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் நிலம் வேறு. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, வண்டி ஓடும் தடத்தில் மாவாகப் பொடிந்து பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் களியாகிச் சக்கரத்தோடு சுற்றிக்கொள்ளும். இத்தகைய தடத்தில் கார் பெரும்பாலும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போக முடியும். என்ஜின் மெல்லச் சுற்றும்போது டைனமோவால் மின்சாரம் தர இயலாது. ஆகவே இந்த மண்ணில் டைனமோவின் பலவீனம் சீரான சாலையுள்ள ஊர்களைவிட விரைவில் வெளிப்பட்டது.

தொடக்கக் காலம்

மைக்கேல் ஃபாரடே 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். ஆயினும் முதல் தலைமுறைக் கார்களில் மின்னாக்கி இல்லை. கார்பைடு விளக்கு வெளிச்சம் தந்தது, மாக்னெட்டோ தீப்பொறி தந்தது, கைப்பிடியைச் சுழற்றி என்ஜினை எழுப்பினர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்தொடக்கி வந்தபின் நிலைமை மாறியது. என்ஜினைச் சுழற்றப் பெரிய பேட்டரி வேண்டும், பேட்டரி இருந்தால் அதை நிரப்ப மின்னாக்கியும் வேண்டும்.

தென்தமிழகத்தில் மோட்டார் போக்குவரத்தும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் 1912-இல் பேருந்து சேவையைத் தொடங்கினார். கொங்குப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்துடன் தொழிலில் இறங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் பேருந்துகள் ஓடின. அந்தக் கரிவாயுக் கலன்களை டி.வி.எஸ். நிறுவனமும் தயாரித்தது. எரிபொருள் மாறியபோதும் விளக்குக்கும் தீப்பொறிக்கும் டைனமோவும் பேட்டரியுமே துணை.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் இந்தியாவில் கார் என்றாலே இரண்டு பெயர்கள்தாம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அம்பாசடர் 1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஃபியட் 1100-இன் வழிவந்தது பின்னாளில் பத்மினி எனப் பெயர்பெற்றது. இவ்விரண்டும் டைனமோவுடன்தான் வந்தன. கார்களுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய மின்கருவிகளை உள்நாட்டிலேயே செய்வதற்காக பிரித்தானிய லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை சென்னைப் பாடியில் அமைந்தது. இதனால்தான் தமிழகப் பட்டறைகளில் மின்வேலை தொடர்பான பேச்சில் லூகாஸ் என்ற சொல் நிறுவனப் பெயராக இல்லாமல் பொருட்பெயராகவே புழங்கியது.

டைனமோ வேலைசெய்த விதம்

டைனமோவில் வெளிக்கூட்டோடு சேர்ந்த காந்தச் சுருள்கள் அசையாமல் நிற்கும், நடுவிலுள்ள ஆர்மேச்சர் சுழலும். மின்சாரம் உண்டாவது சுழலும் பகுதியில் என்பதால், காருக்கு வேண்டிய முழு மின்னோட்டமும் கம்யூட்டேட்டர் என்னும் செப்புப் பட்டைகளின் மேல் உரசும் இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியே வெளியேற வேண்டும். அதிவேகத்தில் சுழற்றினால் ஆர்மேச்சரின் கம்பிகளும் செப்புப் பட்டைகளும் தெறித்துவிடும். எனவே டைனமோவுக்குப் பெரிய புல்லி போட்டு அதன் வேகத்தை மட்டுப்படுத்தினர். விளைவாக, என்ஜின் மெல்ல ஓடும்போது அதன் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தைக்கூட எட்டாது. அந்நேரத்தில் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குப் பாயாமல் துண்டிப்பது கட்-அவுட். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கட்-அவுட்டும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. கரிசல் புழுதி அதன் மூடியிடுக்கில் புகுந்து தொடுமுனைகளில் படிவது வழக்கம். அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பதே பல நாள் வேலை.

அக்காலப் பிரித்தானிய கார்களில் புழங்கிய லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தந்தது. இரவில் கார் எவ்வளவு செலவழித்தது என்பதைக் கணக்கிட்டால் இதன் போதாமை விளங்கும். 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கு 7.5 ஆம்பியர், சிறு விளக்குகளுக்கு ஏறத்தாழ 2, இக்னிஷன் காயிலுக்கு 4 என மொத்தம் 13 முதல் 14 ஆம்பியர். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் இது கட்டுப்படியாகும். மழையில் வைப்பர், ஒலிப்பான், பிறகு வந்த டேப் ரெக்கார்டர், மின்விசிறி, ஆலஜன் விளக்கு எல்லாம் சேர்ந்தபோது வரவும் செலவும் சமமாகி, நின்று நின்று செல்லும் ஊர்ப் பயணத்தில் செலவே மிஞ்சியது. காலையில் செல்ஃப் எடுக்காத காரை நான்கு பேர் தள்ளுவது அந்நாளில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய காட்சி. அம்பாசடருக்குக் கைப்பிடியும் உண்டு, அதைச் சுழற்றத் தோள்வலிமை வேண்டும்.

ஆல்டர்னேட்டரின் வருகை

ஆல்டர்னேட்டரில் எல்லாம் தலைகீழ். காந்தமாகும் சிறு சுருள் சுழல்கிறது, மின்சாரம் உண்டாகும் பெருஞ்சுருள்கள் அசையாமல் வெளிக்கூட்டில் நிற்கின்றன. பிரஷ் வழியே செல்வது இரண்டு மூன்று ஆம்பியர் கிளர்வு மின்னோட்டம் மட்டுமே. சுழலும் பகுதி உறுதியாக இருப்பதால் சிறிய புல்லி போட்டு, என்ஜினைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுழற்றலாம். என்ஜின் மெல்ல ஓடும்போதும் ஓரளவு மின்சாரம் கிடைக்கும். இக்கோட்பாடு புதிதன்று. மாறுமின்னோட்டத்தை நேராக்கும் மலிவான, சிறிய, வெப்பம் தாங்கும் கருவி இல்லாததே தடை. சிலிக்கான் டயோடு அத்தடையை நீக்கியது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பெருமளவில் பொருத்தி வழிகாட்டியது. லூகாஸின் ஏ.சி.ஆர். வரிசை ஆல்டர்னேட்டர்கள் 1960-களின் பிற்பகுதியில் வந்தன. அவற்றுள் 16 ஏ.சி.ஆர். 34 ஆம்பியரும், 17 ஏ.சி.ஆர். 36 ஆம்பியரும், 18 ஏ.சி.ஆர். 45 ஆம்பியரும் தந்தன. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அடங்கியது. டயோடுகள் மின்சாரத்தைப் பின்னோக்கி விடாததால் கட்-அவுட் தேவையற்றதாயிற்று.

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது ஆல்டர்னேட்டருடனே வந்தது. அதைக் கண்டபின் அம்பாசடர், பத்மினி வைத்திருந்தவர்களுக்கும் டாக்சி ஓட்டியவர்களுக்கும் பழைய டைனமோ மேல் பொறுமை குறைந்தது. டைனமோ ஆர்மேச்சருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டுவதைவிட ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் பரவியது. கருவி கிடைத்தது, தாங்கியை வெட்டி ஒட்டவும் லேத்துப் பட்டறைகள் இருந்தன. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது.

பூட்டிய பிறகும் இறங்கும் பேட்டரி

ஆல்டர்னேட்டர் பூட்டி ஒரு வாரத்தில் மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை என்றால், உரிமையாளரின் சந்தேகம் முதலில் புதிய கருவியின் மேலும், அடுத்துப் பேட்டரியின் மேலும் விழும். இப்படி நல்ல ஆல்டர்னேட்டர்கள் கடைக்குத் திரும்பின, நல்ல பேட்டரிகள் பழைய ஈயத்துக்கு எடைபோடப்பட்டன. ஒரு டாக்சிக்காரருக்குப் புதிய பேட்டரி என்பது பல நாள் வருமானம். உண்மையில் பெரும்பாலான குறைகள் இரண்டு கருவிகளிலும் இல்லை, அவற்றை இணைத்த பழைய கம்பிகளில் இருந்தன.

இதைப் புரிந்துகொள்ளச் சிறிய கணக்கு போதும். டைனமோ காலத்துக் கம்பியும் முனைகளும் 22 ஆம்பியருக்காக அமைந்தவை. பாசிபிடித்த முனைகள், ஆம்பியர் மீட்டரின் இணைப்பு, பழைய கட்-அவுட் பெட்டியின் திருகு எல்லாம் சேர்ந்து 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 40 ஆம்பியர் பாயும்போது 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 வோல்ட் இருக்கும், பேட்டரிக்கு வந்து சேர்வது 13.4. ரெகுலேட்டர் தன் முனையிலுள்ள அழுத்தத்தைத்தான் பார்க்கிறது, அதன் கணக்கில் எல்லாம் சரி. பேட்டரியோ அரைவயிற்றோடு கிடக்கும். தொலைந்த 0.8 வோல்ட் 32 வாட் வெப்பமாகி அந்த இணைப்புகளில் வெளிப்படும். வானொலி பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் பற்றாசுக்கோலின் சூடு அது. டேஷ்போர்டுக்குள் கருகிய வாடை வந்ததும், முப்பது ஆம்பியர் வரை மட்டும் காட்டும் பழைய ஆம்பியர் மீட்டர்கள் எரிந்ததும் இதனால்தான். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய வண்டியில் சூடேறும் இணைப்பு வெறும் மின்குறை என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஆகவே தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் மீட்டரை எடுப்பார். என்ஜின் ஓடாமல் சற்று நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதியளவு. என்ஜினை ஓரளவு முடுக்கி ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே வரவேண்டும். வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில் அளக்க வேண்டும். அங்கே சரியாக இருந்து பேட்டரியில் குறைந்தால் குற்றவாளி நடுவழியிலுள்ள கம்பி. முன்விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தால் தொலையும் அழுத்தம் நேராகவே தெரிந்துவிடும். அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

எர்த் பக்கத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை சரியில்லை. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. மழைக்காலக் கரிசல் களி அந்தப் பட்டையில் ஒட்டிக் காய்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், உள்ளே செம்பு பச்சையாகும். பட்டை வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும்.

எச்சரிக்கை விளக்கின் மர்மம்

கம்பிக்கு அடுத்தபடியாக அதிகம் ஏமாற்றியது டேஷ்போர்டிலுள்ள சிவப்பு விளக்கு. டைனமோ காரில் அந்த விளக்கு வெறும் அறிவிப்பு. அது பீஸ் போனாலும் டைனமோ தன் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தைக் கொண்டு தானே விழித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டரில் எஞ்சும் காந்தம் மிகக் குறைவு. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிறு பல்பின் வழியே செல்லும் மின்னோட்டமே சுழலும் சுருளை முதன்முதலாகக் காந்தமாக்குகிறது. லூகாஸ் அமைப்பில் அது 2.2 வாட் பல்பு. பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் விழிக்காது, அல்லது என்ஜினை வெகுவாக முடுக்கிய பின்பே விழிக்கும். காலையில் மின்னேற்றமில்லை, நெடுஞ்சாலைக்குப் போனால் வருகிறது, பட்டறைக்குக் கொண்டுவந்தால் சரியாக இருக்கிறது என்ற புகாரின் விளக்கம் பலவேளை இதுதான். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் நல்லது என்று நினைப்பது டைனமோ காலத்துப் பழக்கம். பல்புக்குப் பதிலாகச் சிறு எல்.இ.டி. போட்டாலும் போதிய மின்னோட்டம் செல்லாமல் இதே குறை வரும்.

கழற்றிய டைனமோவின் பெரிய புல்லியையே ஆல்டர்னேட்டரில் மாட்டிவிடுவதும் நடந்தது. பெல்ட்டின் அகலம் பொருந்துகிறது, புதிய புல்லி வாங்கும் செலவும் மிச்சம் என்பது காரணம். ஆனால் ஆல்டர்னேட்டரின் முழு நன்மையும் அதன் வேகத்தில் இருக்கிறது. டைனமோ வேகத்தில் அதைச் சுழற்றினால் என்ஜின் மெல்ல ஓடும்போது டைனமோவைப் போலவே அதுவும் உறங்கும்.

பழைய பழக்கமும் புதிய சேதமும்

டைனமோ காலத்தில் இரண்டு சோதனைகள் எல்லாப் பட்டறைகளிலும் வழக்கம். ஒன்று, என்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றுவது. என்ஜின் நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது. மற்றொன்று, வெளியீட்டுக் கம்பியை உடலில் உரசிப் பொறி பார்ப்பது. டைனமோ இவற்றைப் பொறுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் பொறுக்காது. ஓட்டத்தில் பேட்டரியைக் கழற்றினால் மின்சாரத்துக்குப் போக்கிடமின்றி அழுத்தம் ஒரு கணத்தில் பலமடங்கு எகிறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் சுட்டுவிடும். கம்பியை உரசினாலும் டயோடு போகும். தலைமுறைகளாக மாணவனுக்கு ஆசான் சொல்லிக்கொடுத்த நம்பகமான சோதனையே கருவியைக் கொல்லும் செயலாக மாறியது. இதற்காக அந்தத் தொழிலாளரை அறியாதவர் என்று சொல்வது நியாயமாகாது. புதிய கருவியோடு தமிழில் ஒரு தாள் விளக்கம்கூட வராத காலம் அது. சேதத்தின் வழியாகத்தான் பாடம் வந்தது, சேதத்துக்கு விலை கொடுத்தவர் பெரும்பாலும் கார்க்காரர்.

பேட்டரியைத் திருப்பி மாட்டுவதும் அவ்வாறே. பிரித்தானிய வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டது. ஏ.சி.ஆர். வகையும் அதற்குப் பின் வந்தவையும் எதிர்முனை எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. முனைகளை மாற்றாமல் பூட்டினால் முதல் தொடுதலிலேயே டயோடுகள் எரியும். மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரு முனைகளையும், ஆம்பியர் மீட்டரின் இணைப்பையும், வானொலி இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லாரிக்கூடு கட்டும் பட்டறைகளில் மின்பற்றவைப்புச் செய்யும்போது ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றி வைக்கும் வழக்கமும் இத்தகைய இழப்புகளுக்குப் பிறகே வேரூன்றியது.

ஆறு முதன்மை டயோடுகளில் ஒன்று திறந்துபோனால் மின்னோட்டம் கணிசமாகக் குறைந்து ஒருவித முனகல் ஒலி கேட்கும். ஒன்று கசிந்தால் வேறுவிதத் தொல்லை: பகலெல்லாம் ஏறும், இரவில் நின்ற காரின் பேட்டரி தானாக இறங்கும். காலையில் ஆல்டர்னேட்டரின் உடல், என்ஜின் ஓடாமலே வெதுவெதுப்பாக இருப்பது இதன் அடையாளம். தொட்டுப் பார்த்தே குறை சொன்ன கைகள் இந்த வட்டாரப் பட்டறைகளில் இருந்தன என்றால் அது மிகையில்லை. கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கிய கி. ராஜநாராயணனின் இடைசெவல் கோவில்பட்டிக்கு அருகில்தான் உள்ளது. செல்ஃப், கட்-அவுட், காயில் கட்டு, எர்த் அடி என்று இப்பட்டறைகள் வளர்த்த சொற்களுக்கும் தனி அகராதி ஒன்று செய்யலாம்.

வெயிலும் புழுதியும்

ஈய அமிலப் பேட்டரிக்கு எந்த அழுத்தத்தில் மின்னேற்ற வேண்டும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. சூடு ஒரு பாகை ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைத்துக்கொள்ள வேண்டும். 25 பாகையில் 14.4 வோல்ட் சரியென்றால், 45 பாகையில் 14.0 போதும். சித்திரை வெயிலில் ஓடிவந்த காரின் முன்மூடிக்குள் 45 பாகை என்பது குறைந்தபட்சம். குளிர்நாட்டுக்காக அமைத்த ரெகுலேட்டர் இங்கே பேட்டரியைக் கொதிக்கவைக்கும். பேட்டரி நீர் அடிக்கடி வற்றுவது, பல்புகள் மாற்ற மாற்ற எரிவது, மூடியைச் சுற்றி அமிலம் கசிந்து தகடு துருப்பிடிப்பது எல்லாம் மிகை மின்னேற்றத்தின் அறிகுறிகள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது என்று கொள்ளலாம். சார்ஜ் ஆகவில்லை என்று வந்த காரை மீட்டரில் பார்த்தால் மிகையாக ஏறி நீர் வற்றிய பேட்டரியாக இருப்பதும் உண்டு. எதிரெதிரான இரண்டு நோய்களுக்கும் முடிவில் ஒரே அறிகுறிதான், காலையில் செல்ஃப் எடுக்காது.

டைனமோவைவிட ஆல்டர்னேட்டர் வெப்பத்துக்கு அஞ்சும் கருவி. டயோடுகளைக் குளிர்விக்கத் தன் விசிறியால் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றோடு கரிசல் புழுதியும் வரும். எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டும் கலந்து சுருள்களின் மேல் மெழுகாகப் படியும், பிரஷ்கள் தம் கூட்டுக்குள் இறுகி நிற்கும். சில நூறு ரூபாய்ச் செலவில் தீரும் பிரஷ் குறைக்காக முழு ஆல்டர்னேட்டரும் மாற்றப்பட்ட சந்தர்ப்பங்கள் குறைவல்ல.

பெரிதிலும் பெரிது

குளிர்சாதனமும் உரத்த ஒலிப்பெட்டிகளும் வந்தபின் 34 ஆம்பியரும் போதாமல், 65, 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்களைத் தேடும் காலம் வந்தது. தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் உயர்வேகத்தில், குளிர்ந்த நிலையில் கிடைப்பது. என்ஜின் மெல்ல ஓடும்போது அதில் பாதிகூடக் கிடைக்காது. 90 ஆம்பியரை 14 வோல்ட்டில் பெருக்கினால் 1260 வாட். கருவியின் திறன் நூற்றுக்கு 55 என்று கொண்டால் பெல்ட் ஏறத்தாழ 2300 வாட், அதாவது மூன்று குதிரைத்திறனைக் கடத்த வேண்டும். டைனமோவுக்குப் போட்ட ஒற்றை வி-பெல்ட்டும் அதன் சிறு வளைவுப் பிடிப்பும் இதற்குத் தாங்காது. குளிர்சாதனத்தைப் போட்டதும் கீச்சென்று கத்திவிட்டு மின்னேற்றம் விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. இறுக்கினால் கத்தல் நிற்கும், அளவுமீறி இறுக்கினால் நீரேற்றியின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் போகும். முற்றிலும் இறங்கிய பேட்டரியை நிரப்பும் வேலையைப் புதிய ஆல்டர்னேட்டரிடம் விடுவதும் தவறு. முழுச்சுமையில் மணிக்கணக்காக ஓடிச் சூடேறி அது சுருண்டுவிடும். பேட்டரியைக் கடையில் கொடுத்து மெல்ல ஏற்றி வாங்கியபின் பூட்டுவதே முறை.

அண்மைக் காலம்

ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை என்ஜின் கணினியே கட்டுப்படுத்தும் முறை இந்நூற்றாண்டில் பரவியது. எரிபொருளை மிச்சப்படுத்த இக்கணினி வேண்டுமென்றே சில வேளை மின்னேற்றத்தைக் குறைத்து, பிரேக் பிடிக்கும்போது கூட்டும். அத்தகைய காரில் மீட்டர் 12.8 காட்டினால் அதைப் பழுது என்று சொல்லிவிட முடியாது. பேட்டரியின் எதிர்முனையில் அமர்ந்திருக்கும் சிறு உணரி கணக்கு வைக்கிறது. கூடுதல் எர்த் கம்பியை அந்த உணரியைத் தாண்டி நேரே பேட்டரியில் மாட்டினால் கணக்கு தப்பும். பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றிய பின் கணினியோடு பேசும் கம்பி பொருந்தாவிட்டால், கருவி நன்றாக இருந்தும் எச்சரிக்கை விளக்கு அணையாது. மீட்டரும் டெஸ்ட் லேம்பும் மட்டும் வைத்திருந்த கடைகளில் ஸ்கேனரும் வந்து சேர்ந்தது, அதை வாங்க முடியாத கடைகள் டூவீலர் பேட்டரி விற்பனைக்கு மாறின.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கோவில்பட்டியும் அடங்கிய அதே மாவட்டத்தில் தயாராகும் அந்தக் கார்களில் என்ஜின் இல்லை, பெல்ட் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. ஓட்டும் பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தைக் குறைத்து விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் தரும் மாற்றி ஒன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் 12 வோல்ட் துணைப் பேட்டரி மின்கார்களிலும் தொடர்கிறது. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் நகராது, அதன் எர்த் முனையில் பச்சை பிடிப்பதும் முன்போலத்தான்.